எண்ணைச் சொன்னால் நிபந்தனையையும் சொல்லுங்கள்: விவாத மேடைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் தொலைக்காட்சிகளில் இரவு விவாதங்களை நடத்தும் நெறியாளர்களுக்கும், அங்கே வந்து பேசும் கட்சிகளின் செய்தித் தொடர்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற மருந்தாளுநர். 1992இல் அரசுப் பணியில் சேர்ந்து 31 வருஷம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், கடைசியில் ஒரு தாலுகா மருத்துவமனையிலும் மாத்திரை எண்ணிக் கொடுத்தவன். ஊரில் இன்றைக்கும் என்னைக் காம்பவுண்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். முந்தின நாள் ராத்திரி டிவியில் என்ன பேசினார்கள் என்பது மறுநாள் காலை மருந்து ஜன்னலில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். வரிசையில் நிற்பவர்கள் கேட்கும் கேள்விகளே சொல்லிவிடும்.

2022 தொடக்கத்தில் நடந்தது இது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை மேலும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்து, அதற்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பை 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்திய நேரம். டிவியில் அது பற்றிப் பேச்சு நடந்தது. வரம்பு இன்னும் கூட வேண்டும் என்றார் ஒருவர். இதுவே போதும் என்றார் இன்னொருவர். சரி, பேச வேண்டிய விஷயம்தான்.

எங்களிடம் மாதா மாதம் வந்து சுகர் மாத்திரை வாங்கும் ஒரு அம்மா உண்டு. அறுபது வயதுக்கு மேலிருக்கும். மெட்ஃபார்மின் ஒரு அட்டை கூடக் குறையாமல் சரிபார்த்துத்தான் பையில் போடுவார். அவர் இரண்டு மாதம் வரவில்லை. மூன்றாவது மாதம் வந்தபோது இடது காலில் துணி சுற்றியிருந்தது. ஏன் வரவில்லை என்று கேட்டேன். "எம் மவன் கம்பெனிக்குப் போறான் சார், வருஷத்துக்கு ரெண்டு லட்சம் வருது. ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல போனா கவர்மென்ட்ல கிடையாதுன்னு டிவில சொன்னாங்களே" என்றார். துணியை அவிழ்த்தபோது சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கறுத்திருந்தன. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினோம். இரண்டு விரலையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அந்த விவாதத்தில் யாரும் பொய் சொல்லவில்லை. 1,20,000 சரியான எண்தான். ஆனால் அந்த வரம்பு காப்பீட்டுத் திட்டத்துக்கு மட்டும்தான். அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டு டாக்டரைப் பார்க்கவும், சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்கவும் யாரும் வருமானச் சான்று கேட்பதில்லை. இந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் போதும். பத்து விநாடி ஆகியிருக்கும்.

இந்த மடலை நான் எழுதுவது அந்தப் பத்து விநாடிக்காகத்தான்.

'ஐந்து லட்சம் இலவச சிகிச்சை' என்று ஆளுங்கட்சிக்காரர்கள் சொல்கிறார்கள். யார் ஆட்சியில் இருந்தாலும் இப்படித்தான் சொல்கிறார்கள். ஐந்து லட்சம் என்பது ஒரு குடும்பத்துக்கு, ஒரு வருஷத்துக்கு. ஆளுக்கு ஐந்து லட்சம் கிடையாது. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும், அதுவும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் நிர்ணயித்த தொகைக்குள் மட்டும். முக்கியமான இன்னொன்று: ஒரு தனியார் மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்திருக்கிறது என்றால் எல்லாத் துறைக்கும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. எலும்பு சிகிச்சைக்கு அனுமதி வாங்கியிருக்கும், இதய சிகிச்சைக்கு வாங்கியிருக்காது.

இதை எங்கள் வீட்டிலேயே அனுபவித்தோம். அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தபோது நான் ஊரில் இல்லை. 'கார்டு இருந்தா எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம்' என்று டிவியில் கேட்டதை நம்பி, வாசலில் திட்டத்தின் போர்டு மாட்டியிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு அண்ணி அழைத்துப் போயிருக்கிறார். உள்ளே சேர்த்த பிறகு, "ஹார்ட்டுக்கு எங்களுக்கு அப்ரூவல் இல்லைம்மா, கேஷ்தான்" என்று சொல்லிவிட்டார்கள். அண்ணியின் ஆறு பவுன் நகை அன்று சாயந்திரம் அடகுக்குப் போனது. அதே ஊரில், அதே கார்டுக்கு, இதயத்துக்கும் அனுமதி பெற்ற இன்னொரு மருத்துவமனை இருந்தது. அங்கே போக வேண்டும் என்று அந்த நேரத்தில் யார் சொல்வது? போர்டை அப்படி மாட்டி வைத்ததும் ஒரு தவறு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 'எந்த ஆஸ்பத்திரிக்கும்' என்ற சொல்லை டிவியில் ஒருவர் சொல்ல, நெறியாளர் தலையாட்டிக் கொண்டு அடுத்த ஆளிடம் போனதும் தவறுதான்.

அடுத்து, இந்தத் திட்டம் யாருடையது என்ற சண்டை. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் பாதி இதிலேயே போய்விடுகிறது. இதில் சண்டை போட ஒன்றுமே இல்லை. 2009 ஜூலையில் கருணாநிதி ஆட்சியில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆட்சி மாறியதும் அது நின்றது. 2012 ஜனவரி 11இல் ஜெயலலிதா ஆட்சியில் இப்போதுள்ள திட்டம், பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா மூலமாகத் தொடங்கியது. 2018 செப்டம்பர் 23இல் ராஞ்சியில் தொடங்கி வைக்கப்பட்ட, ஆயுஷ்மான் பாரத் என்ற பிரதமரின் காப்பீட்டுத் திட்டம் இங்கே மாநிலத் திட்டத்தோடு சேர்க்கப்பட்டது. ஐந்து லட்சம் என்ற தொகை அதற்குப் பிறகு வந்தது. 2021இல் மறுபடி ஆட்சி மாறியது, திட்டம் தொடர்ந்தது. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி தகுதி பெற்ற குடும்பங்களுக்கு மத்திய அரசு ஓர் உச்சவரம்புக்குள் 60 பங்கும் மாநிலம் 40 பங்கும் கொடுக்கின்றன. அந்தப் பட்டியலில் இல்லாத குடும்பங்களின் செலவு முழுக்க மாநிலத்தினுடையது. இதில் 'முழுக்க எங்கள் பணம்' என்று எந்தப் பக்கம் சொன்னாலும் அது தப்பு. நெறியாளரின் மேசையில் இந்த நாலு வரி ஒரு தாளில் இருந்தால் அரை மணி நேரம் மிச்சமாகும். அந்த நேரத்தில், கலெக்டர் ஆபீஸ் கவுன்ட்டரில் கார்டு எடுக்க எத்தனை முறை அலைய வேண்டியிருக்கிறது என்று கேட்கலாம்.

2023 ஆகஸ்டில் ஆயுஷ்மான் பாரத் பற்றிய சிஏஜி அறிக்கை, அதாவது அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை, நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் மனத்தில் அது ஆறவே இல்லை.

7,49,820 பயனாளிகள் 9999999999 என்ற ஒரே செல்போன் எண்ணோடு பதிவாகியிருக்கிறார்கள் என்று அறிக்கையில் இருந்தது. 'ஏழரை லட்சம் போலிப் பயனாளிகள்' என்று அது பேச்சில் மாறிப் போனது. செல்போன் எண்ணை வைத்து யாருக்கும் சிகிச்சை தருவதில்லை, அடையாளச் சரிபார்ப்பில் அதற்குப் பங்கில்லை என்று சுகாதார அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. கம்ப்யூட்டரில் ஆள் பதிவு செய்த யாருக்கும் அது எப்படி நடந்திருக்கும் என்று தெரியும். எங்கள் மருத்துவமனையிலேயே பார்த்திருக்கிறேன். எதிரே ஒரு பாட்டி நிற்பார், போன் கிடையாது. பின்னால் நாற்பது பேர். போன் எண் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. பதிவு செய்யும் பெண் பத்து முறை ஒன்பதைத் தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அந்தப் பாட்டி போலி இல்லை. அவருக்கு நோய் இருந்தது, வலி இருந்தது. பதிவு ஒழுங்காக இல்லை என்பது உண்மையான குறைதான், ஏனென்றால் அவருக்கு ஒரு தகவல் சொல்ல வேண்டுமென்றால் வழியில்லை. ஆனால் அது வேறு குறை.

இப்போது மறுபக்கம். அமைச்சகத்தின் விளக்கம் வந்ததுமே, 'பார்த்தீர்களா, முறைகேடே கிடையாது' என்று ஒரு தரப்பு அறிக்கை முழுவதையும் மூடி வைத்துவிட்டது. அதே அறிக்கையில் இறந்து போனதாகப் பதிவான 3,446 நோயாளிகளின் பேரில் 6.97 கோடி ரூபாய் கொடுக்கப்பட்டதாக இருந்தது. நம் மாநிலத்தைப் பற்றியும் இருந்தது. வெறும் ஏழு ஆதார் எண்களில் 4,761 பதிவுகள். ஓய்வூதியர்கள் 1,07,040 பேர் திட்டப் பயனாளிகளாகவும் சேர்க்கப்பட்டிருந்தார்கள், அவர்களுக்காகக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன பிரீமியம் 22.44 கோடி. இறந்தவர் கணக்கிலும் அமைச்சகம் ஒரு விளக்கம் வைத்திருந்தது: நோயாளி சேர்ந்து மூன்று நாள் வரை அனுமதி கேட்டு விண்ணப்பிக்க இடமுண்டு, அதற்குள் அவர் இறந்திருக்கலாம் என்றது. அது எத்தனை பேருக்குப் பொருந்தும், எத்தனை பேருக்குப் பொருந்தாது? ஏழு ஆதாரில் 4,761 பேர் எப்படி வந்தார்கள்? 22 கோடி திரும்பி வந்ததா? நான் பார்த்த எந்த விவாதத்திலும் இந்த மூன்று கேள்வியையும் யாரும் கேட்கவில்லை. ஒன்பது ஒன்பதாக இருந்த அந்த எண் திரையில் பெரிதாகத் தெரிந்தது, அதோடு முடிந்தது. ஊழல் என்று கத்தியவர்களுக்கும், ஊழலே இல்லை என்று மறுத்தவர்களுக்கும் அந்த ஒரே எண் போதுமானதாக இருந்தது. உண்மையில் பணம் கைமாறிய இடம் அதே அறிக்கையின் வேறு பக்கங்களில் இருந்தது.

இன்னொரு எண்ணும் அடிக்கடி வரும். மக்கள் சொந்தக் கையிலிருந்து மருத்துவத்துக்குச் செலவழிக்கும் பங்கு 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22இல் 39.4 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்பது தேசிய சுகாதாரக் கணக்கு. எண் சரி. இது பங்கு, தொகை இல்லை. நாட்டின் மொத்தச் செலவில் அரசின் செலவு ஏறினாலே மக்களின் பங்கு இறங்கும், அவர்கள் கொடுத்த ரூபாய் குறையாவிட்டாலும். அந்த வருஷம் கொரோனா தடுப்பூசி போட்ட வருஷம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குடும்பங்களின் செலவு பற்றிய அடிப்படைத் தகவலும் 2017-18இல் எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து வருவது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, 'இருந்தாலும் அரசின் பங்கு கூடியிருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் நான் மதிப்பேன். அதேபோல எதிர்த்தரப்பு 'அரசு ஒன்றுமே செலவழிக்கவில்லை' என்பதும் நியாயமில்லை. 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, அரசின் மருத்துவச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை 2025க்குள் எட்டுவதாகச் சொன்னது, 2021-22இல் 1.84 சதவீதத்தில் நின்றோம். அதைச் சொன்னாலே போதுமே, வலுவான குற்றச்சாட்டு அது. மிகைப்படுத்த என்ன தேவை?

என் சொந்தத் துறைக்கு வருகிறேன். மருந்துத் தட்டுப்பாடு.

'அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்தே இல்லை' என்று ஒருவர் சொல்வார். 'எல்லா மருந்தும் போதிய அளவில் இருப்பில் உள்ளது' என்று இன்னொருவர் சொல்வார். இரண்டையும் முப்பது வருஷமாகக் கேட்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மாத்திரை பெரிய டின்னில் உதிரியாக வரும். பேப்பரில் பொட்டலம் கட்டிக் கொடுப்போம். மழைக்காலத்தில் டின் மூடியைத் திறந்தால் சில மாத்திரைகள் பிசுபிசுத்து ஒட்டிக் கிடக்கும். அதையும் பிரித்துக் கொடுத்த நாள் உண்டு. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவாகி, அடுத்த வருஷத்திலிருந்து எல்லாம் மாறியது. அட்டையில் அடைத்த மாத்திரை, அட்டையில் அரசு முத்திரை, விற்பனைக்கல்ல என்ற எழுத்து. ஒவ்வொரு பேட்ச்சும், எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி மறைத்துப் பரிசோதனைக்கூடத்துக்குப் போய் வந்த பிறகே மாவட்டக் கிடங்கிலிருந்து வெளியே வரும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கியில் கொடுப்பது போல ஒரு பாஸ்புக். இந்த வருஷம் உனக்கு இவ்வளவு ரூபாய் ஒதுக்கீடு, அதற்குள் உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள். முதல் பாஸ்புக் கைக்கு வந்த நாளில் எங்கள் டாக்டர் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போன முறை இது. இதைப் பற்றி ஒரு முழு விவாதம் நான் இதுவரை பார்த்ததில்லை.

தட்டுப்பாடு வருவதும் உண்மைதான். அது எப்படி வருகிறது என்று சொல்கிறேன். ஒரு மருந்துக்கு டெண்டர் தள்ளிப் போனால் மாநிலம் முழுக்க அந்த ஒரு மருந்து இருக்காது. கம்பெனி சரக்கு அனுப்பத் தாமதித்தால் சில மாவட்டங்களில் இருக்காது. கிடங்கில் பெட்டி பெட்டியாக இருக்கும், மருந்து கேட்டு நாங்கள் அனுப்பும் இன்டென்ட் சீட்டு போன வாரம் போகாததால் எங்களிடம் மட்டும் இருக்காது. டெங்கு நேரத்தில் பாஸ்புக்கில் பணம் முன்கூட்டியே தீர்ந்து போனாலும் இருக்காது. நான்கும் நான்கு விதமான குறை, நான்குக்கும் பொறுப்பானவர் வேறு வேறு. ஆகவே, தட்டுப்பாடு என்று யார் சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த மருந்து? எந்த மருத்துவமனை? எத்தனை நாளாக? பதில் இருந்தால் அது செய்தி, அமைச்சரே ஆனாலும் பதில் சொல்லியாக வேண்டும். 'எல்லாம் இருக்கிறது' என்று யார் சொன்னாலும் அதே மூன்று கேள்வியைக் கேளுங்கள்.

இதில் என் மேலும் ஒரு குற்றம் உண்டு. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு நிருபர் என் ஜன்னலுக்கு வந்து, குழந்தைகளுக்கான ஆன்டிபயாட்டிக் சிரப் இல்லையாமே என்று கேட்டார். ஒன்பது நாளாக இல்லை. மேலதிகாரிக்குப் பயந்து 'இருக்குங்க' என்று சொல்லி அனுப்பினேன். அவர் அதை நம்பிவிட்டார். வெளியே தாய்மார்கள் கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஊழியனைப் பேசவிடாத வரைக்கும் உங்களுக்கும் உண்மை கிடைக்காது என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பெயரைச் சொல்லாமல், முகத்தைக் காட்டாமல் எங்களைப் போன்றவர்களைக் கேளுங்கள். நர்ஸுகள், லேப் டெக்னீஷியன்கள், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் பெண்கள், இவர்கள் யாரும் உங்கள் வட்ட மேசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான்கு கட்சியும் ஒரு மூத்த பத்திரிகையாளரும் போதும் என்று யார் முடிவு செய்தது?

தனியார் மருத்துவமனைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அண்ணிக்கு நடந்ததை எழுதிவிட்டு இதை எழுதுவது எனக்குச் சுலபமில்லை. ஆனாலும் எல்லாரையும் சேர்த்துக் கொள்ளைக்காரர்கள் என்பது நியாயமில்லை. சிறிய ஊரில் இருபது படுக்கை வைத்து நடத்தும் டாக்டர், திட்டம் தரும் தொகையில் சில அறுவை சிகிச்சைகளைச் செய்ய முடியவில்லை, பணமும் தாமதமாக வருகிறது என்கிறார். அது எந்த அளவுக்கு உண்மை என்று கணக்கோடு கேட்க வேண்டும். அவர் வெளியேறினால் அந்த ஊர்க்காரர் அறுபது கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் 'யாருக்கு, எதற்கு, எப்போதிலிருந்து' என்று உடனே கேளுங்கள். மருத்துவத் திட்டம் பற்றிப் பேசும்போது, யாருக்குப் பொருந்தாது என்பதையும், திட்டத்தில் இல்லாவிட்டாலும் கிடைப்பது எது என்பதையும் திரையின் கீழே ஓட விடுங்கள். தவறாகச் சொல்லிவிட்டால் மறுநாள் அதே நேரத்தில், அதே நெறியாளர் வாயால் திருத்துங்கள். இணையதளத்தில் ஒரு மூலையில் போடும் திருத்தம் எங்கள் ஜன்னலுக்கு வருகிறவர்களிடம் போய்ச் சேராது. செய்தித் தொடர்பாளர்களே, நீங்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும், உங்கள் ஆட்சியின் குறையை எதிரே இருப்பவர் சரியான எண்ணோடு சொன்னால், 'அது சரி' என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள். அதற்காக உங்களுக்கு ஓட்டுப் போடாமல் போகிறவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

அந்த அம்மா இப்போது நடக்கிறார், கொஞ்சம் சாய்ந்து. இப்போதும் அங்கேதான் மாத்திரை வாங்குகிறார். வழியில் பார்த்தால், "டிவில புதுசா ஏதோ கார்டு சொல்றாங்களே, எனக்கு உண்டா சார்?" என்று கேட்கிறார். போன வாரமும் கேட்டார். அவருடைய ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்து, தெரிந்த வரைக்கும் சொல்லி, மீதிக்கு 104க்குப் போன் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த முறை இந்த விஷயத்தை நீங்கள் எடுத்தால், கூப்பிட்டால் வருகிறேன். பழைய பாஸ்புக் ஒன்றின் நகல் என்னிடம் இருக்கிறது, அதையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர் ஒருவர்